இரண்டு மருந்துக்கு நடுவே பதினைந்து நாள்

என் ஆராய்ச்சி என்ன என்பதை அண்ணனுக்குப் புரிய வைத்தது நான்தான். புரியாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஊர் தேனிப் பக்கம், மார்க்கையன்கோட்டையை ஒட்டியது. அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஓடைப்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கப் போனான். அதிலேயே நின்றுவிட்டான். எந்த நோய்க்கு என்ன மருந்து, ஒரு டிரம் தண்ணீருக்கு எவ்வளவு, வெயில் ஏறுவதற்கு முன் எத்தனை வரிசை முடிக்கலாம் என்று தோட்டக்காரர்களே அவனிடம்தான் கேட்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிக் கலக்கி அவன் நகக்கண்ணில் ஏறிய நீலம் எந்தச் சோப்புக்கும் போகாது.

நான் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். கோயம்புத்தூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்து ஐந்தாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, வாசலில் ஸ்பிரேயர் மூக்கைக் கழற்றிக் கழுவிக்கொண்டே அண்ணன் கேட்டான்.

"ஏலே, அஞ்சு வருசமா அங்கன என்னதான் பண்ற? கேக்குறவனுக்கு நான் என்ன சொல்ல?"

அதற்கு முன் பல பேருக்குச் சொல்லித் தோற்றிருக்கிறேன். அன்றைக்கு அவன் காலடியில் கிடந்த பசை டப்பாவைப் பார்த்ததும் வழி கிடைத்துவிட்டது.

"அண்ணே, நீ மருந்து கலக்குறப்ப பசை எதுக்கு ஊத்துற?"

"இல்லாட்டி மருந்து இலையில நிக்குமா? உருண்டு கீழ ஓடிரும். ஒரு தூறல் விழுந்தாப் போதும், அம்புட்டும் போச்சு."

"அதேதான். மஞ்சள்ல இருக்குற சத்து, கண்ணாடித் தட்டுல வளக்குற கேன்சர் செல்லக் கொல்லும். ஆனா ஒடம்புக்குள்ள போனா நிக்காது. தண்ணியில கரையாது. கரைஞ்ச கொஞ்சத்தையும் ஈரல் ஒடச்சுத் தள்ளிரும். அதனால அதே சாயல்ல, கொஞ்சம் மாத்தி, செயற்கையா ஒன்னு செஞ்சிருக்காக. வீரியம் கூட. ஆனா அதுவும் கரைய மாட்டேங்குது. நான் அத எடுத்து ஒரு பாலிமர் துகளுக்குள்ள வச்சுப் பொதியுறேன். ஒரு தலைமயிரோட குறுக்கால நூத்துக்கணக்குல நிறுத்தலாம், அம்புட்டுச் சின்னத் துகள். அது மருந்தப் பிடிச்சு வச்சுக்கிட்டு மெதுமெதுவா விடும். பாலிமரும் கொஞ்ச நாள்ல தானாக் கரைஞ்சிரும்."

அண்ணன் ஸ்பிரேயர் மூக்கை வெயிலுக்கு நேராகப் பிடித்து ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பார்த்தான். பிறகு சொன்னான்.

"அப்ப மஞ்சளு மருந்து, பிளாஸ்டிக்கு பசை. அம்புட்டுதான?"

"அம்புட்டுதான்."

"இதுக்கா அஞ்சு வருசம்? ஒரு நாளு தோட்டத்துக்கு வந்திருந்தா நானே சொல்லிருப்பேன்லடா!"

நானும் சேர்ந்து சிரித்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியரால்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடிந்ததில்லை. மறுநாளே அவன் தோட்டம் தோட்டமாக இதைச் சொல்லிவிட்டான். நான் டீக்கடைக்குப் போனால், "பசைக்காரரே வாங்க" என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட முடியாது. அன்றைக்குச் சிரித்தபோது அண்ணனின் வாய் முழுதாகத் திறக்கவில்லை. இடது கன்னத்தில் புகையிலை ஒதுக்கியிருந்தான். நான் அதைப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் தினமும் நான் வளர்ப்பது கன்னத்தில் வரும் புற்றுநோயின் செல்கள். பார்த்துவிட்டுப் பொங்கலைத் தின்னப் போய்விட்டேன்.

வைகாசியில் மதினி போன் செய்தார். அண்ணனுக்குக் காரமே ஆகவில்லை, வெறுஞ்சோற்றில் மோரை ஊற்றிக் குடிக்கிறான், வாய்க்குள் இரண்டு விரல்கூடப் போகவில்லை என்றார். தேனியில் சதையெடுத்துப் பார்த்தார்கள். மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. கன்னத்தின் உட்பக்கத்தையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டு, மார்பிலிருந்து தோலும் சதையுமாகக் கொண்டுவந்து வைத்துத் தைத்தார்கள். பேச்சு குழறியது. சோறு ஒரு பக்கமாக வழிந்தது. மூன்றாவது வாரம் நான் பார்க்கப் போனபோது என்னைக் கிட்டக் கூப்பிட்டு, காதுக்குள் சொன்னான்.

"நெஞ்சுத் தோலுல்ல வச்சிருக்காக. வாய்க்குள்ள மயிர் மொளைக்குதுலே. சவரம் பண்ண எவனக் கூப்புடுவேன்?"

மதினி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கும் முன் அழுதார்.

அங்கிருந்த டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துத் தெளிவாகவே சொன்னார். வெட்டியெடுத்தது பாதி வேலைதான். கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கும். கழுத்துக்கும் கன்னத்துக்கும் கதிர்வீச்சு வைக்க வேண்டும். முப்பது தடவை, வாரத்துக்கு ஐந்து நாள். புண்ணாகும், தோல் கருகும், விழுங்க முடியாது. ஆனால் நடுவில் விடவே கூடாது. விடாமல் முடித்தால் நல்லபடியாக இருக்க வாய்ப்பு அதிகம். 'வாய்ப்பு அதிகம்' என்று அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது. மகள் நாலாவது படித்தாள்.

எங்கள் பக்கம் இதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். மதுரையிலேயே தங்கலாம் என்றதற்கு அண்ணன் ஒப்பவில்லை. விடிகாலை சின்னமனூருக்குப் போய் பஸ் ஏறுவான், கரண்ட் வைத்துக்கொண்டு சாயங்காலம் திரும்புவான். மதினி ஒரு பாட்டிலில் கஞ்சியும், பிளாஸ்டிக் பையில் ஆஸ்பத்திரி ஃபைலும் கொடுத்துவிடுவார். நான் கோயம்புத்தூருக்குத் திரும்பினேன்.

என் துகள்களில் ஒரு பெரிய குறை இருந்தது. பாலிமரையும் மருந்தையும் அசிட்டோனில் கரைத்து, சுழலும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், தண்ணீர் பால் மாதிரி மஞ்சளாகக் கலங்கும். அந்தக் கலங்கல்தான் துகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பல நாளுக்கு மெதுவாக விட வேண்டிய மருந்தை, பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே கசியவிட்டுவிடும். இரண்டு வருடமாக அதனோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆடி மாதத்தில் பாலிமரை மாற்றிச் செய்த ஒரு தொகுப்பு, கசியாமல் பிடித்து நின்றது. அதைக் கன்னப் புற்றுநோய்ச் செல்களின் மேல் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். இந்த மருந்துக்குத் தானாகவே ஒளிரும் குணம் உண்டு. நீல வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சைப் பச்சையாக எரிந்தது.

அந்தப் படத்தை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. அவனுக்குத்தான் புரியும் என்று நினைத்தேன். உடனே கூப்பிட்டான்.

"என்னலே இது, மின்மினிப்பூச்சி மாதிரி?"

"அந்தப் பச்சைதாண்ணே நம்ம மருந்து. செல்லுக்குள்ள போயிருச்சு. கன்னத்துல வர்ற கேன்சர் செல்லு."

"யாரு கன்னம்?"

"யாரோ ஒருத்தரோடது. எந்தக் காலத்துலயோ எடுத்தது. செல்லு மட்டும் இன்னும் வளந்துக்கிட்டே இருக்கு."

"ஆளு?"

"தெரியாதுண்ணே."

எச்சில் விழுங்க அவன் படும் பாடு போனில் கேட்டது. அன்றைக்குப் பதினாலாவது கரண்ட் முடிந்திருந்தது. தொண்டையெல்லாம் புண். கழுத்துத் தோல் கருகி உரிந்து சட்டைக் காலரில் ஒட்டுவதாக மதினி சொல்லியிருந்தார்.

"எப்ப வரும் இது?" என்றான்.

எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். தட்டில் இருக்கும் செல்லைத் தாண்டவே இன்னும் வேலை கிடந்தது. அதற்குப் பிறகு எலி. அதற்குப் பிறகு வருடக் கணக்கில் அனுமதிகள், சோதனைகள். இப்படிப் புறப்படும் மருந்துகளில் மிகப் பெரும்பாலானவை மனிதனிடம் வந்து சேர்வதே இல்லை. இதையெல்லாம் அந்தக் குழறிய குரலிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் படத்தின் பச்சையும் இன்னும் கண்ணில் இருந்தது.

"சீக்கிரம்ணே. கிட்ட வந்துட்டோம்," என்றேன்.

"சரிடா," என்று வைத்துவிட்டான்.

மூன்று வாரம் தாண்டி மதினியிடமிருந்து போன். குரல் இறங்கிக் கிடந்தது.

"தம்பி, அவுக மதுரைக்கே போகல."

"என்ன மதினி சொல்றீக?"

"தெனமும் பையத் தூக்கிக்கிட்டு விடியக்கால போறாக, வராக. கழுத்துத் தோலு ஆறுச்சு தம்பி. கருப்பு உரிஞ்சு புதுத் தோலு வந்துச்சு. சோறும் நல்லா எறங்குச்சு. நேந்துக்கிட்ட சாமிதான் கண்ணத் தொறந்துருச்சுன்னு நான் கோயில்ல வெளக்குப் போட்டுட்டு வந்தேன். நேத்து ஆஸ்பத்திரியில இருந்து போனு வருது, பதினாறு கரண்ட்டு விட்டுப்போச்சு, ஏம்மா கூட்டிட்டு வரலன்னு."

அடுத்த நாள் மதியம் ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவனைக் கண்டுபிடித்தேன். பந்தலுக்குக் கீழே, மருந்து டிரம்முக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பை. அவனோடு வழக்கமாக மருந்தடிக்கும் ஒருவர் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு நின்றார். இவன் உட்கார்ந்தபடியே அளவு சொல்லிக்கொண்டிருந்தான். முகம் தெளிந்திருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தான்.

"வாடா. மருந்து வந்துருச்சா?" என்றான்.

"ஏன்ணே கரண்ட்ட நிறுத்துன?"

"நிறுத்தாம? ஒன்னு மேல ஒன்ன அடிச்சா என்னாகும்? அந்த வருசத் தோட்டத்த மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அவனுக்கு இருபது வயது இருக்கும்போது நடந்தது. ஒரு தோட்டத்தில் எண்ணெய் மருந்து அடித்து மூன்றே நாளில், சாம்பல் நோய் வந்துவிட்டதென்று அவசரப்பட்டுக் கந்தகம் அடித்துவிட்டான். இரண்டும் நல்ல மருந்துதான். ஆனால் எண்ணெய்க்கும் கந்தகத்துக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும். விடாததால் ஒரு பந்தல் முழுக்க இலை பொசுங்கி, பிஞ்சுக் குலைகள் கருகித் தொங்கின. தோட்டக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அவனைக் கூட்டிக்கொண்டு போய் வரிசை வரிசையாகக் காட்டினார். அன்றிலிருந்து அண்ணன் எந்த இரண்டு மருந்துக்கும் நடுவே பதினைந்து நாள் விடுவான். எத்தனை பெரிய தோட்டக்காரர் அவசரப்படுத்தினாலும் விட்டுத்தான் அடிப்பான். எங்கள் வட்டாரத்தில் அவனைத் தேடிக் கூப்பிட்டதே அதற்காகத்தான்.

"கரண்ட்டுல ஏற்கெனவே கருகிக் கெடக்கேன். அதுக்கு மேல ஒம் மருந்தையும் ஏத்துனா தாங்குமா? நீ கிட்ட வந்துட்டோம்ன. சரி, பழச நிறுத்திட்டு, இலை தெளியட்டும்னு விட்டேன். பாரு, தெளிஞ்சிருச்சு," என்று கழுத்தைத் தூக்கிக் காட்டினான். புதுத் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.

"வீட்டுல ஏன்ணே சொல்லல?"

"அவ அழுவா. டாக்டரம்மாகிட்ட சொன்னா அவுக மருந்த விட்டுட்டு ஒன் மருந்துக்குப் போறேன்னு கோவிச்சுக்குவாக. மருந்து கைக்கு வந்த பெறகு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

நான் அந்தச் சாக்கிலேயே உட்கார்ந்து சொன்னேன். தட்டில் இருக்கும் செல்லைத்தவிர அந்த மருந்து இன்னும் எதையும் தொடவில்லை என்று சொன்னேன். எலிக்குக்கூட இன்னும் கொடுக்கவில்லை என்றேன்.

"எலிக்கா?"

"ஆமாண்ணே."

"அப்ப எனக்கு முன்னாடி வரிசையில எலி நிக்குதா?" என்று ஸ்பிரேயர்காரரைப் பார்த்துச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "சரி, எலிக்குக் குடுத்து முடிக்க எத்தன நாளு?"

"நாளு இல்லண்ணே. வருசம். பத்தும் ஆகலாம். வராமலே போனாலும் போகும்."

அவன் டிரம்மின் ஓரத்தில் காய்ந்திருந்த மருந்துக் கறையை நகத்தால் சுரண்டினான். வெகுநேரம் சுரண்டினான்.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லலே," என்றான். திட்டுவதுபோல்கூட இல்லை.

மறுநாள் அவனை மதுரைக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு, பேனாவை மேசையில் வைத்தார்.

"இத்தன நாள் கேப். அந்த செல்லு சும்மா இருக்கும்னு நெனச்சீங்களா? யார் சொல்லி நிறுத்துனீங்க?"

தட்டில் வளரும் என் செல்களுக்கு இரட்டிப்பாக ஓரிரு நாள் போதும். நான் தினமும் எண்ணுகிறேன். அந்தக் கணக்கு அப்போது தலைக்குள் தானாக ஓடியது.

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. "நானாத்தான் நிறுத்துனேன் டாக்டரம்மா. தோட்டத்துல சீசன் வேல," என்றான்.

அவர் அவனைத் திட்டினார். உயிரைவிடத் தோட்டம் பெரிசா, பிள்ளை இருக்கிறதா இல்லையா, என்ன மனுசர் நீங்க என்று, வெளியே வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி திட்டினார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "கெமிஸ்ட்ரி," என்றேன். அந்த அறையில் உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

திட்டத்தை மாற்றி, கூடுதல் நாள் சேர்த்து மறுபடி வைத்தார்கள். இந்தத் தடவை ஒரு நாள் தவறவில்லை. மறுபடி கருகினான், மறுபடி விழுங்க முடியாமல் போனான். முடிந்து இரண்டு மாதம் நன்றாக இருந்தான். கார்த்திகையில் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. இன்னொரு அறுவை சிகிச்சைக்கு இடம் கொடுக்காத இடத்தில் இருந்தது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் வந்திருக்காதா என்று டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "அப்பவும் வந்திருக்கலாம். சொல்ல முடியாது," என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கடைசி வாரங்களில் அவனால் பேச முடியவில்லை. மகளின் நோட்டில் எழுதிக் காட்டுவான். எழுத்து ஏழாம் வகுப்பிலேயே நின்ற எழுத்து. ஒரு நாள் எனக்கு எழுதினான்: 'துகள் கசியுதா இப்ப'. நான் இல்லை என்று தலையாட்டினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மாசியில் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, அன்றைக்குத் தோட்டத்தில் ஸ்பிரேயரோடு நின்றவர் மட்டும் போகாமல் நின்றார். சாப்பிட உட்காரவும் இல்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, சங்கடமான நேரத்துல கேக்கேன். உங்க பச்சை மருந்து இப்ப எந்த அளவுல இருக்கு?"

"ஏன்ணே?"

"எனக்கும் ஆறு மாசமா ஒரு புண்ணு இருக்கு. ஆறல. ஆஸ்பத்திரிக்குப் போனா கிழிச்சு, கரண்ட்டு வச்சு, உங்கண்ணன் மாதிரிதான் ஆக்கிருவாக. அதான் உங்க மருந்துக்கே காத்திருக்கலாம்னு இருக்கேன்."

"நான் அன்னைக்குத் தோட்டத்துல சொன்னப்ப நீங்க அங்கனதான நின்னீக? எலிக்கே குடுக்கலன்னு சொன்னேனே."

"கேட்டேன். ஆனா அதுக்குப் பெறகும் உங்கண்ணன் சொன்னாக. நமக்கு எட்டாட்டியும், பின்னாடி வர்றவனுக்கு எந்தம்பி மருந்து எட்டிரும்னாக. நான் பின்னாடிதான தம்பி வாரேன்?"

வாயைத் திறக்கச் சொன்னேன். போனில் இருந்த விளக்கை அடித்துப் பார்த்தேன். அண்ணனுக்கு இருந்த அதே பக்கம். இரண்டு விரல் இன்னும் நுழைந்தது.

"நாளைக்குக் காலைல ஏழு மணி பஸ்ஸுல தேனி ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாரேன். வேற யார்கிட்டயும் கேக்க வேணாம்," என்றேன்.

வருவாரா என்று சந்தேகமாகத்தான் இருந்தது. வந்தார். நகக்கண்ணில் நீலத்தோடு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீரபாண்டி தாண்டியதும் நான் சொல்ல ஆரம்பித்தேன். பசை, இலை, தோட்டம் என்று எதையும் இழுக்காமல் சொன்னேன். அந்த மருந்து இல்லை என்றேன். உங்கள் காலத்துக்கு இல்லை, என் காலத்துக்கும் இருக்குமா தெரியாது என்றேன். டாக்டர் வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டும், கரண்ட் வைக்கச் சொன்னால் ஒரு நாள்கூட விடாமல் வைக்க வேண்டும் என்றேன். நடுவில் இடைவெளியே விடக்கூடாது என்பதை மூன்று தடவை சொன்னேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் ஏன் கரண்ட்டை நிறுத்தினான் என்பதையும் சொன்னேன். டாக்டரம்மாவிடம் சொல்லாததை அந்த பஸ்ஸில்தான் முதல் தடவை வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"பெறகு எதுக்குத் தம்பி அம்புட்டுப் படிச்சீக?"

தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அவர் முன்னால் நடந்தார். தயங்கி நின்றுவிடுவாரோ என்று, இரண்டடி பின்னால் நான் நடந்தேன்.